வீட்டை இழுக்கும் என்ஜின்

‘பிரேக்கிங் பேட்’ பார்த்தவர்களுக்கு அந்த வண்டி ஞாபகம் இருக்கும். 1986ஆம் வருடத்து ஃப்ளீட்வுட் பவுண்டர். இரண்டாவது சீசனில் வால்ட்டும் ஜெஸ்ஸியும் அதில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்துக்குப் போய் நாலு நாள் மாட்டிக்கொள்வார்கள். சாவியை இக்னிஷனிலேயே விட்டதால் பேட்டரி செத்துப்போகும். ஜெனரேட்டர் தீப்பிடிக்கும். அதை அணைக்க ஜெஸ்ஸி இருக்கிற குடிதண்ணீரையெல்லாம் ஊற்றிவிடுவான். வண்டி ஒரு ஓட்டை டப்பா என்ற எண்ணத்தோடுதான் நாம் எபிசோடை முடிப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த நாலு நாளில் என்ஜின் ஒரு தப்பும் செய்யவில்லை. கரண்ட் கிடைத்ததும் கிளம்பிவிட்டது.

மோட்டார் ஹோம் என்ஜின்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அறுபது வருடங்களாக அமெரிக்கர்கள் ‘இந்த என்ஜினை நம்பலாமா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில்களும் சளைக்காமல் வருகின்றன: டாட்ஜ் 440 சூடாகும், ஷெவ்ரலே 454 பெட்ரோல் குடிக்கும், ஃபோர்டு வி10 பிளக்கைத் துப்பும். இந்தத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் என்ஜினைப் பற்றியவையே அல்ல என்பது என் எண்ணம். அவை சுமையையும் வேகத்தையும் வெயிலையும் சும்மா நின்ற மாதங்களையும் பற்றியவை. பெயர் மட்டும் என்ஜினுக்குப் போகிறது.

(ஒரு சின்ன இடைச்செருகல். அமெரிக்காவில் பெட்ரோலை ‘கேஸ்’ என்பார்கள். ‘கேஸ் மோட்டார் ஹோம்’ என்றால் சிலிண்டர் வைத்து ஓட்டும் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பெட்ரோல்தான்.)

முதலில் ஒரு கணக்கு. நானே போட்ட தோராயக் கணக்கு, பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஒரு சாதாரணக் கார் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போக 18, 20 குதிரைத்திறன் போதும். என்ஜின் 120 குதிரைத்திறன் கொண்டது என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு. மீதி எப்போதாவது ஓவர்டேக் செய்யும்போது சில விநாடிகள் பயன்படும். இப்போது பத்து டன் எடை, இரண்டரை மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை அதே வேகத்தில் காற்றுக்குள் தள்ளுங்கள். தட்டையான முகம். காற்று அதை வழுக்கிக்கொண்டு போகாது, முட்டும். இதற்கு 110, 120 குதிரைத்திறன் வேண்டும், அதுவும் நிமிடக் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில். அதே வண்டி 6 சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 130 குதிரைத்திறன் போய்விடும். காற்றும் டயரும் கேட்பது தனி.

அதாவது காருக்கு ஓட்டப்பந்தயம் எப்போதாவது வரும். மோட்டார் ஹோமுக்கு வாழ்க்கையே அதுதான்.

சரி, கதைக்கு வருவோம். வண்டிக்குள் வீடு கட்டும் ஆசை காரளவு பழையது. 1915லேயே ரோலண்ட் காங்க்ளின் என்ற பணக்காரர் ஒரு பிரம்மாண்டமான வீட்டுப் பேருந்தைக் கட்டி, குடும்பத்தோடு நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா நோக்கிக் கிளம்பினார். ஆனால் அது பணக்காரரின் விளையாட்டு. சாதாரணக் குடும்பத்துக்கான மோட்டார் ஹோம் 1950களின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்து பிரவுன் சிட்டியில் தொடங்குகிறது என்று சொல்லலாம். ரே ஃப்ராங்க் என்பவர் டாட்ஜ் லாரி சேசிஸின் மேல் தன் குடும்பத்துக்காக ஒரு வண்டியைக் கட்டினார். ‘மோட்டார் ஹோம்’ என்ற பெயரே அவருடையது என்று சொல்வார்கள். அந்த வண்டிகள் பின்னால் ட்ராவ்கோ என்ற பெயரில் பிரபலமாயின. 1966ல் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் ஜான் ஹான்சனின் வின்னபேகோ நிறுவனம் அசெம்ப்ளி லைன் போட்டு மோட்டார் ஹோம் செய்ய ஆரம்பித்தது. விலை சடாரென்று இறங்கியது. நம்மூரில் நகலெடுப்பதை ‘ஜெராக்ஸ்’ என்கிறோமே, அதுபோல அமெரிக்காவில் எந்த மோட்டார் ஹோமையும் ‘வின்னபேகோ’ என்று சொல்லும் நிலை வந்தது.

இங்கேதான் ஒரு பிளவு உண்டாகிறது, பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் வேர். என்ஜினும் சேசிஸும் ஒருவர் செய்வது, வீட்டைக் கட்டுவது இன்னொருவர். டாட்ஜோ ஃபோர்டோ ஷெவ்ரலேவோ, பார்சல் வேனுக்கும் ரொட்டி வேனுக்கும் செய்த சேசிஸைக் கொஞ்சம் மாற்றி அனுப்புவார்கள். அயோவாவிலோ இண்டியானாவிலோ அதன்மேல் சமையலறையும் கட்டிலும் கழிப்பறையும் ஏறும். பார்சல் வேன் ஊருக்குள் நின்று நின்று போகும், சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பும். அதே என்ஜின் இப்போது ஜூலை மாதத்தில் மொஹாவி பாலைவனத்தைக் கடக்க வேண்டும். தலைக்கு மேல் ஏசி, பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு.

என்ஜின் எங்கே இருந்தது? ஓட்டுநர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், வீட்டுக்குள்ளேயே. மேலே ஒரு மூடி. அந்த மூடிக்கு ‘டாக்ஹவுஸ்’ என்று பெயர், நாய்க்கூண்டு. சூடு வெளியே போக வழி குறைவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பழுக்கச் சிவந்து, பிளக் ஒயர்கள் கருகும். மேனிஃபோல்டை ஹெட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி ஒருநாள் முறியும். பிறகு ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். ஃபோர்டு 460, ஷெவ்ரலே 454 வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள்.

அந்தக் காலத்தின் பெரிய எதிரி வேப்பர் லாக். பெட்ரோல் டேங்க் பின்னால், பம்ப் முன்னால் என்ஜினோடு ஒட்டி. நடுவில் ஏழெட்டு மீட்டர் குழாய், பல இடங்களில் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே ஓடும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஏற்கனவே சூடான பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது. பம்ப்புக்குத் திரவத்தைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. வண்டி நின்றுவிடும். மலை ஏறி, உச்சியில் காபி குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இது சரியாக நடக்கும். குளிர்காலத்தில் சுலபமாக ஸ்டார்ட் ஆகட்டும் என்று சுத்திகரிப்பு நிலையங்கள் எளிதில் ஆவியாகும் பெட்ரோலை விற்பார்கள். அது டேங்கில் மிச்சமிருக்கும்போது வசந்தத்தில் திடீரென்று வெயில் அடித்தால் போச்சு.

இதற்கு ஊர்ப்புறத்து வைத்தியம் ஒன்று உண்டு: மரத்தாலான துணி கிளிப்புகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டுவது. மரம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. நாலைந்து கிளிப்புகளால் அந்தச் சூட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்லிவிடுவார். ஆனால் கிளிப் மாட்டுவதற்கு வண்டியை நிறுத்த வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், அரை மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் என்ஜின் ஆறியிருக்கும். கிளிப்புக்குப் பெயர் வந்துவிடும். 1980களின் இறுதியில் 460க்கும் 454க்கும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்து, டேங்கின் பக்கமிருந்து மின்சாரப் பம்ப் அழுத்தத்தோடு தள்ள ஆரம்பித்ததும் இந்த வியாதி கிட்டத்தட்ட ஒழிந்தது. என்ஜினின் இரும்பு அதேதான். ‘நம்ப முடியாத’ என்ஜின் ஒரு பம்ப்பை இடம் மாற்றியதில் நம்பகமானதாகிவிட்டது.

1973 மாடலாக வந்த ஜிஎம்சி மோட்டார் ஹோமைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல ஆசை. பொதுவாக லாரி என்ஜின்தான் பாரத்துக்கு உகந்தது என்பார்கள். ஜிஎம்சி அதைக் கேட்கவில்லை. ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ என்ற சொகுசுக் காரின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து முன்சக்கரங்களில் மாட்டியது. 455 கன அங்குலம், நம் கணக்கில் 7.5 லிட்டர். பின்னால் போகும் ஷாஃப்ட் இல்லாததால் தரை தாழ்ந்தது, உயரமும் குறைந்தது. உடல் வளைந்து காற்றுக்கு வழிவிட்டது. 26 அடி வண்டியின் மொத்த எடை ஆரம்பத்தில் ஐந்து டன்னுக்குள். ஒரே நிறுவனம் வீட்டையும் என்ஜினையும் சேர்த்து வடிவமைத்தது அபூர்வம். மொத்தம் சுமார் 13,000 வண்டிகள்தான் செய்தார்கள், 1978ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இன்றும் அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கும் கூட்டம் உண்டு. ‘கார் என்ஜின், தாங்காது’ என்ற விதிப்படி அவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அந்த என்ஜினிடம் கேட்கப்பட்ட வேலை குறைவு.

வேலை என்றதும் சட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும், நம்பகத்தன்மை வரலாற்றில் யாரும் சட்டத்தைச் சேர்ப்பதில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. காலனுக்குச் சில மைல்களே ஓடும் இந்தப் பெட்டிகளின் விற்பனை சரிந்தது. 1974 ஜனவரியில் நாடு முழுக்க வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று ஆனது. 1987ல் நகரத்துக்கு வெளியே 65 வரை தளர்த்தினார்கள், 1995ல் மத்திய வரம்பையே எடுத்துவிட்டார்கள். காற்றைப் பிளக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கேற்ப ஏறும். 55லிருந்து 70 மைலுக்குப் போனால் அது இரண்டு மடங்கு. 1982ல் ஒருவர் ‘என் 440 பாறை மாதிரி’ என்று சொன்னாரென்றால், அவர் 55ல் போய்க்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம் வீடு பெருத்துக்கொண்டே போனது. 1990ல் நியூமார் நிறுவனம் ஸ்லைட்-அவுட் கொண்டு வந்தது. வண்டி நின்றதும் ஒரு பக்கச் சுவர் சோபாவோடு வெளியே தள்ளிக்கொண்டு நீளும். எல்லோருக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு ஸ்லைடும் மோட்டார், தண்டவாளம், இரும்புச் சட்டம் என்று எடை சேர்த்தது. இன்று ஃபோர்டின் எஃப்-53 சேசிஸில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,000 பவுண்டு வரை போகிறது, கிட்டத்தட்ட 11.8 டன். ஜிஎம்சியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தப் பெருத்த வீட்டுக்கு 1990களின் இறுதியில் ஃபோர்டு கொடுத்தது 6.8 லிட்டர் வி10. இதன் மேல் வந்த புகார் ஒன்று நியாயமானது, ஒன்று அநியாயம். நியாயமானது பிளக். ஆரம்பகால அலுமினிய ஹெட்டுகளில் பிளக்கைப் பிடித்து நிற்கும் மரைகள் நாலைந்துதான். சரியாக முறுக்காவிட்டால் பிளக் தளர்ந்து, ஒருநாள் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாயும். மலைப்பாதையில், குடும்பத்தோடு, டாக்ஹவுஸுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால் எப்படி இருக்கும்! பின்னால் வந்த மூன்று வால்வு ஹெட்டில் பிளக் பறக்கவில்லை, ஆனால் கழற்றும்போது உள்ளே முறிந்தது. பிறகு அதையும் சரிசெய்தார்கள்.

அநியாயம் என்று சொன்னது சத்தத்தை. பழைய 460 நிதானமாக உறுமிக்கொண்டு மலை ஏறும். வி10 ஏற வேண்டுமென்றால் 4,000 சுற்றுக்கு மேல் கத்தும். அதோடு ரேடியேட்டர் விசிறியின் கிளட்ச் பிடித்துக்கொண்டால் ஜெட் விமானம் மாதிரி இருக்கும். “என்னமோ ஆகப்போகுது, நிறுத்து நிறுத்து!” என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வரும். ஒன்றும் ஆகாது. அந்தச் சுற்றுக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உண்மையில், கியரை இறக்கி வேகமாகச் சுற்றவிட்டால் தண்ணீர் பம்ப்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும், சூடு வெளியேறும். மேல் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்து முக்கவைப்பதுதான் என்ஜினுக்குக் கெடுதல். காதுக்கு இதமானது இரும்புக்கு இதமாக இருக்கவேண்டியதில்லை.

சோதனை நடப்பது சில குறிப்பிட்ட இடங்களில்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5 சாலையில் கிரேப்வைன், லாஸ் வேகாஸ் போகும் ஐ-15ல் பேக்கர் ஏற்றம். ‘என்ஜின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைக்கவும்’ என்று அங்கே அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் என்று சக்தியை இழக்கும், அதாவது மிக அதிகம் தேவைப்படும் இடத்தில் சுமார் முப்பது சதவீதம் இருக்காது. புளோரிடாவின் சமவெளியிலேயே ஓடிய வி10யும் டென்வரில் வாழ்ந்த வி10யும் ஒரே என்ஜின் என்று ஓடோமீட்டர் மட்டும்தான் சொல்லும்.

பிறகு எப்படித்தான் எடைபோடுவது? ஸ்வீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1951ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பொருட்கள் எப்போது பழுதாகும் என்பதைப் புள்ளியியலாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. நூறு பேரிங்கில் பத்து உடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்கு அது அருமையான கருவி. ஆனால் நூறும் ஒரே சுமையில் சுற்றியிருந்தால்தான் பதிலுக்கு அர்த்தம். மோட்டார் ஹோம்களில் இரண்டு வண்டிகள் கூட ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை. அதனால் இந்த உலகம் கதைகளை நம்பி ஓடுகிறது. கதைக்கு ஒரு குணம், பறந்த பிளக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். பறக்காத ஒன்பது பிளக்குகளுக்குக் கதை கிடையாது.

1946ல் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. ரயில் என்ஜினைப் பிரிக்காமல், அதன் பழைய ஆயிலை ஆய்வகத்தில் எரித்து, ஒளியைப் பகுத்துப் பார்த்து, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்தார்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது, சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசு. ரத்தப் பரிசோதனை மாதிரி. ராணுவம் எடுத்துக்கொண்டது, இன்று மோட்டார் ஹோம் வாங்குபவர்களும் சின்னக் குப்பியில் ஆயிலை அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து வதந்தியை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு என்ஜினைப் பற்றி மட்டும் பேசும் முறை இதுதான். இதிலும் ஒரு ஓட்டை. நேற்று மாற்றிய ஆயில் எதையும் சொல்லாது.

மைல் குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்பது கார் வாங்குபவரின் அறிவு. இங்கே அது நேர்மாறாகவும் போகும். பத்து வருடத்தில் 15,000 மைல் என்றால் அந்த வண்டி வருடத்தில் பதினொரு மாதம் நின்றிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நின்று நின்று பிசினாகும். ஜெனரேட்டரின் கார்புரேட்டர்தான் முதல் பலி. எலிகள் ஒயர் கடிக்கும். சீல்கள் காய்ந்து சுருங்கும். டயர் பளபளவென்று, பட்டன் கூடத் தேயாமல் இருக்கும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் நாலு இலக்கத்தைப் படித்தால்தான் அது எந்த வருடத்தின் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று தெரியும்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? கார் நின்றால் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகலாம். இங்கே நின்றது வீடு. ஓய்வுபெற்று, இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தை இதில் போட்டவர்கள் ஏராளம். ‘நோமட்லேண்ட்’ படத்தில் ஃபெர்னின் வேன் பழுதாகி, மெக்கானிக் இதைச் சரிசெய்வதைவிட வேறு வண்டி வாங்கலாமே என்று சொல்லும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது வண்டியல்ல, அவள் அங்கேதான் இருக்கிறாள். மெக்கானிக் சொன்னது கணக்குப்படி சரிதான் என்பதுதான் அந்தக் காட்சியின் வலி.

கலிஃபோர்னியாவின் ‘லெமன் சட்டம்’ குறையுள்ள புது வாகனத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் செய்யும் சட்டம். மோட்டார் ஹோம் என்று வரும்போது அது சேசிஸையும், வண்டியை ஓட்டுவதற்கான பகுதியையும்தான் ‘புது மோட்டார் வாகனம்’ என்று எண்ணுகிறது. மனிதர்கள் வாழும் பகுதி அந்த வரையறைக்கு வெளியே. வாங்குபவர் ஒரு வண்டிக்குக் காசு கொடுக்கிறார், சட்டம் இரண்டைப் பார்க்கிறது. சேசிஸ்காரரும் வீடு கட்டியவரும் ஒருவரையொருவர் கை காட்டினால் வாடிக்கையாளர் நடுவில் நிற்பார்.

டீசலுக்கு மாறினால் தீர்ந்துவிடுமா என்றால், 2021ல் சிப் பற்றாக்குறையால் புகை சுத்திகரிப்புத் திரவத்தின் சென்ஸார் கிடைக்காமல், லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள டீசல் மோட்டார் ஹோம்கள் முடங்கின. என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர்தான் போக விடவில்லை. மறுபடி பவுண்டரின் பேட்டரி!

2020ல் ஃபோர்டு வி10க்கு விடைகொடுத்து, 7.3 லிட்டர் வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பு பிளாக், புஷ்ராட், 460 காலத்துத் தாத்தா வடிவம். நல்ல பேச்சு அடிபடுகிறது. ஆனால் அவற்றில் பலவும் இன்னும் இரண்டாவது செட் டயரைக் கூடப் பார்த்திருக்காது.

பழைய ஆட்கள் வண்டி பார்க்கப் போனால் முதலில் டாக்ஹவுஸ் மூடியில் கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் ஆறிய என்ஜின் எப்படி எழுகிறது என்பதை மறைக்க ஏதோ காரணம் இருக்கிறது. பிறகு டயரின் நாலு இலக்கம். பிறகு ஆயில் மாற்றிய ரசீதுகள். கடைசியாக, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டே, சும்மா கேட்பது போல ஒரு கேள்வி: “இது கடைசியா எப்பங்க மலை ஏறுச்சு?” விற்பவர் ஓடோமீட்டரைக் காட்டுவார்.